பதினாறாம் நாள் சித்தப்பா நீட்டிய உயில்: இனி என்ன செய்வது?

காவிரிக்கரைக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன புரட்டாசியில் தவறிவிட்டார். நாங்கள் இரண்டு பெண்கள், கூடப்பிறந்த ஆண் யாரும் இல்லை. அம்மாவுக்கு 71 வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், அப்பா கட்டிய ஓட்டு வீட்டில்தான் இப்போதும் இருக்கிறார். வீட்டோடு ஆறு மா நன்செய் உண்டு. சித்தப்பா குடும்பம் அடுத்த வீடு.

கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். நாங்களே கேட்டுத்தான் வைத்தான், அதில் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே இரண்டு முத்திரைத்தாள். "அண்ணன் உயில் எழுதி வச்சிருக்காரும்மா, நீங்க தெரிஞ்சுக்கணும்ல" என்றார். என் கையில் தரவில்லை. தங்கை வீட்டுக்காரர் செல்போனில் மட்டும் படம் எடுத்துக்கொண்டார்.

அதில் இருப்பது: "எனக்கு ஆண் வாரிசு இல்லாதபடியாலும், எனக்கு ஈமக்கடன் செய்ய வேண்டியவன் என் தம்பி மகனே ஆனபடியாலும்" வீடும் நிலமும் அவனுக்கு. பெண்களுக்குக் கல்யாணத்தில் சீர் செய்துவிட்டபடியால் பாத்தியதை இல்லை. அம்மாவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. 46 வருடம் கூட வாழ்ந்தவர்.

தேதி ஆவணி மாதம். அப்பாவுக்கு ஆடியிலேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. ஆவணியில் பென்ஷன் எடுக்க வங்கிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனது நான்தான். கைநாட்டுதான் வைத்தார். உயிலில் இருப்பதோ நடுங்காத, அழகான கையெழுத்து. பதிவு செய்யப்படவில்லை. சாட்சி இரண்டு பேர்: ஒருவர் சித்தப்பா மகனின் மைத்துனர், இன்னொருவர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர்.

அம்மா "சண்டை வேண்டாம்" என்கிறார். ஆனால் ராத்திரி தூங்குவதில்லை. என்ன செய்யலாம்?

கோர்ட்டுவாசல்:

முதலில் ஆறுதல். அடுத்தது, யார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாரிசுச் சான்று, மின் இணைப்புப் பெயர் மாற்றம், "சும்மா ஒரு சம்மதக் கடிதம்" என்று எதைச் சொல்லி வந்தாலும் சரி. என் கேஸ் பதினோரு வருடம் இழுத்ததற்குக் காரணம் என் அக்கா படிக்காமல் போட்ட ஒரே ஒரு கையெழுத்து.

இரண்டாவது, அம்மா அந்த வீட்டை விட்டு நகரக் கூடாது. "நாலு நாள் எங்களோட வந்து இரும்மா" என்று நீங்கள் பாசத்தில் கூப்பிட்டாலும் பூட்டும் சாவியும் யார் கையில் என்று பாருங்கள். மூலப்பத்திரம், வீட்டு வரி ரசீது, சிட்டா எல்லாம் எங்கே இருக்கின்றன?

காவிரிக்கரைக்காரி:

மூலப்பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இப்போதே போய்ப் பார்க்கச் சொன்னேன், இருக்கிறதாம்.

பழைய பத்திர எழுத்தர்:

முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து எழுதியவன் என்கிற முறையில் சில விஷயம் சொல்கிறேன் அம்மா.

உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும், பதிவும் கட்டாயமில்லை. அப்புறம் எதற்கு முத்திரைத்தாள் வாங்குகிறார்கள்? பார்க்கிறவர்களுக்கு ஒரு பயம் வரட்டும் என்றுதான். ஆனால் அதுவே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். தாளின் பின்புறம் விற்பனையாளர் முத்திரை, விற்ற தேதி, யார் பெயரில் விற்றது எல்லாம் இருக்கும். நீங்கள் படம் எடுத்தது முன்பக்கம் மட்டும் என்றால் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

யார் எழுதியது, யார் தட்டச்சு செய்தது என்று கடைசியில் இருக்கிறதா? அந்த "ஆனபடியாலும்" நடை பத்திர எழுத்தர் நடை. பக்கவாதம் வந்த மனிதர் சொல்லிச் சொல்லி எழுதினால் அந்த மாதிரி வராது.

ஒன்று எச்சரிக்கை. உயிலை எழுதியவர் இறந்த பிறகும் பதிவுக்குக் கொண்டுபோக முடியும், 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. சார்பதிவாளர் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்துத்தான் போடுவார். அதற்கு முன்னால் உங்கள் ஆட்சேபணை மனு அங்கே இருக்கட்டும். அப்படியே பதிவாகிவிட்டாலும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பதிவான உயிலையும் கோர்ட்டில் நிரூபித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பா வேறு உயில் ஏதாவது முன்பே பதிவு செய்திருக்கிறாரா என்றும் தேடுங்கள். வில்லங்கச் சான்றில் உயில் வராது, அது தனிப் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள். இறந்த பிறகு இறப்புச் சான்றோடு மனுப் போட்டால் யாருக்கும் கொடுப்பார்கள்.

சந்தேகி:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், ஒருவராவது மறுபக்கம் கேட்கலாமே. அப்பா உண்மையிலேயே அப்படி நினைத்திருந்தால்? எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறை ஆட்களுக்குக் கொள்ளி வைக்கிறவன் மேல் ஒரு பிடிப்பு இருக்கத்தான் செய்தது. பெண்ணுக்கு ஒன்றும் வைக்கவில்லை என்பதற்காக மட்டும் உயில் பொய்யாகிவிடாது. வழக்கமான வாரிசு முறையை மாற்றத்தானே உயிலே எழுதுகிறார்கள்?

காவிரிக்கரைக்காரி:

கோபமாகத்தான் வந்தது, ஆனாலும் பதில் சொல்கிறேன். அப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரியும். நிலத்தில் குத்தகை நெல் வந்ததும் முதல் இரண்டு மூட்டையை எங்கள் இரண்டு வீட்டுக்கும் பஸ் மேலே போட்டு அனுப்புகிற ஆள். சித்தப்பாவோடு வாய்க்கால் தகராறில் மூன்று வருடம் பேசாமல் இருந்தார்.

இன்னொன்று. அப்பா பெயரில் ஒரு "லை" வரும். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் அவர் பழைய மாதிரி, யானைத் தும்பிக்கை போட்ட "லை"தான் எழுதுவார். கேட்டால் "எனக்கு எம்.ஜி.ஆர். சொல்லியா எழுத்து கத்துக்கொடுத்தாங்க" என்பார். உயிலில் இருப்பது புது "லை". இது போதாதா?

சந்தேகி:

போதாது. கூட்டிக் கழித்துப் பாருங்கள், பாங்க் படிவத்தில் அவசரத்தில் புது "லை" போட்டிருந்தால்?

வக்கீல் மாமா:

சந்தேகி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள் அம்மா. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் கேட்பார், இங்கேயே கேட்டுவிட்டது நல்லது.

நீங்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அந்த உயில் பொய் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அது மெய் என்று கொண்டுவந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958லேயே சொன்ன தீர்ப்பு இது, இன்றைக்கும் எல்லாக் கோர்ட்டிலும் அதைத்தான் எடுத்துப் படிப்போம். கையெழுத்தில் சந்தேகம், எழுதியவரின் உடல்நிலை, மனைவிக்கு ஒன்றும் வைக்காதது, பலன் அடைகிறவரே முன்னின்று எழுத வைத்தது போன்ற சந்தேகச் சூழல்கள் இருந்தால், அவற்றை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டியது அவர் வேலை. நீதிபதியின் மனசாட்சி திருப்தியாக வேண்டும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. "மிரட்டி வாங்கினார்கள், மோசடி செய்தார்கள்" என்று நீங்கள் எழுதிவிட்டால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் வந்துவிடும். அதுவும் "கையெழுத்தே அப்பாவுடையது இல்லை" என்று ஒரு பத்தி, "வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று அடுத்த பத்தி எழுதினால் நீதிபதி சிரிப்பார். போட்டாரா போடவில்லையா? ஒன்றில் நில்லுங்கள்.

அடுத்தது சாட்சி. 1925 வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி இரண்டு சாட்சி வேண்டும். உங்கள் அப்பா கையெழுத்துப் போடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் "இது என் கையெழுத்துதான்" என்று அவர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அவர் முன்னிலையில் இவர்கள் போட வேண்டும். சாட்சி உயிரோடு இருந்தால் ஒருவராவது கூண்டில் ஏறியே தீர வேண்டும். மைத்துனரைத்தான் ஏற்றுவார்கள், கடைக்காரரை ஒளித்து வைப்பார்கள். பார்த்துக்கொண்டே இருங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஆஸ்பத்திரி ரிக்கார்டு. மருத்துவர்கள் சிகிச்சைப் பதிவேட்டை மூன்று வருடம்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி, எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பிசியோதெரபி குறிப்பு உட்பட முழுக் கேஸ் ஷீட்டையும் கேளுங்கள். வங்கியில் கைநாட்டு வைத்த சீட்டுகளையும் தேதியோடு குறித்து வையுங்கள், பிறகு கோர்ட் மூலம் வரவழைக்கலாம்.

நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது?

காவிரிக்கரைக்காரி:

1994ல் அப்பாவும் சித்தப்பாவும் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள், பதிவுப் பத்திரம் இருக்கிறது. தாத்தா சொத்து. வீடு மட்டும் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையில் கட்டியது.

வக்கீல் மாமா:

அப்படியானால் கதை இரண்டாகப் பிரிகிறது. வீடு அப்பாவின் சுயார்ஜிதம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அங்கே உயில் விழுந்தால்தான் உங்களுக்கு.

நிலம் அப்படியில்லை. தாத்தாவுக்கு அது அவர் அப்பாவிடமிருந்து வந்த பூர்வீகச் சொத்து என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் பிறப்பாலேயே பங்காளிகள். 2020ல் வினீதா சர்மா வழக்கில் இதை உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. அண்ணன் தம்பிக்குள் 1994ல் பிரித்துக்கொண்டது உங்கள் உரிமையை ஒன்றும் செய்யாது. அப்பாவுக்கும் உங்கள் இருவருக்கும் மூன்றில் ஒன்று. உயில் மெய்யாகவே இருந்தாலும் அந்த ஒரு பங்கைத்தான் அவர் எழுத முடியும்.

தாத்தா தானே சம்பாதித்து, அந்தச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால் நிலைமை வேறு. அப்பா பங்கு அவருடைய தனிச்சொத்தாகிவிடும். அதனால் தாத்தாவுக்கு முந்தைய பத்திரம் கிடைக்கிறதா என்று தேடுங்கள், இதில்தான் பாதிக் கேஸ் இருக்கிறது. உயிலே இல்லாவிட்டால் அம்மாவும் நீங்கள் இருவரும்தான் முதல் வகுப்பு வாரிசுகள். நீங்கள் இருக்கும்வரை சித்தப்பாவுக்கு ஒரு குழி நிலம் கூட வராது. அவர் உயிலைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது அதனால்தான்.

கோர்ட்டுவாசல்:

வக்கீல் சார், இவர்களே முந்திக்கொண்டு கேஸ் போடலாமா, அவர்கள் போடட்டும் என்று காத்திருக்கலாமா? என் வக்கீல் "முந்தினவன் கை மேலே" என்று சொல்லித்தான் என்னைப் போட வைத்தார். கோர்ட் கட்டணத்திலேயே பாதி நகை போனது.

வக்கீல் மாமா:

இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. என் கட்சி: வீடு அம்மா கையில் இருக்கிறது, நிலத்தில் குத்தகைக்காரர் நெல்லை அம்மாவிடம் அளக்கிறார். சும்மா இருங்கள். அவன் வந்து "சொத்து என்னுடையது" என்று விளம்புகை கேட்கட்டும், கட்டணத்தை அவனே கட்டட்டும். 2017க்கு முன்னால் ஏழரை சதவீதம், இப்போது 3, அதுவும் சின்னத் தொகை இல்லை. அதோடு வாதியாக வந்தால் உயிலை முதலில் நிரூபிக்க வேண்டியதும் அவன்தான்.

ஆனால் அவன் யாருக்காவது கிரயம் பேசுகிறான், நிலத்தில் இறங்கி நாற்று விடுகிறான் என்று தெரிந்தால் மறுநாளே தடையுத்தரவுக்குப் போக வேண்டும். அதுவரை கேவியட் ஒன்று போட்டு வையுங்கள், உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு வாங்க முடியாது. 90 நாள்தான் அதற்கு ஆயுள், மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை, இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

மூன்றாவது மகள்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே கதைதான், ஆனால் என் அண்ணன். பட்டா மாற்ற ஆட்சேபணை இல்லை என்று எழுதித்தரச் சொன்னான். பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் ஐஸ் போட்ட ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்து, கை வைக்கச் சொன்னான். வீட்டுக்கு வந்து பார்த்தால் விடுதலைப் பத்திரம், என் பங்கையே விட்டுக்கொடுத்ததாக. இப்போது ரோஸ்மில்க் வாசனையே ஆகவில்லை எனக்கு.

அயல்வாசி:

போலீசில் கொடுத்தால் என்ன? கள்ள உயில் பெரிய குற்றம்தானே, ஆயுள் தண்டனை வரைக்கும் போகும் என்கிறார்கள்.

வக்கீல் மாமா:

போகும், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையில் "இது சிவில் விவகாரம்" என்று சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும் போட்டு அனுப்புவார்கள். கையெழுத்து நிபுணர் அறிக்கை கையில் இல்லாமல் போனால் உங்கள் அவசரம்தான் தெரியும். இப்போதைக்கு வேண்டாம்.

காவிரிக்கரைக்காரி (மூன்று மாதம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

தாசில்தாரிடமும் சார்பதிவாளரிடமும் ஆட்சேபணை மனு கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்கிவிட்டோம். சித்தப்பா மகன் பட்டா மாறுதலுக்குப் போட்டிருந்தான். உயிலில் தகராறு இருப்பதால் உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டு வரச்சொல்லி மனுவை நிராகரித்துவிட்டார்கள்.

"லை" விஷயத்தில் சந்தேகி ஜெயித்துவிட்டார். தங்கை வீட்டில் பழைய கூட்டுறவுச் சங்கக் கடன் படிவம் ஒன்று கிடைத்தது, 2016. அப்பா அதில் புது "லை" போட்டிருக்கிறார். அன்றைக்கு ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பத்திர எழுத்தர் ஐயா சொன்னது பலித்தது. பட்டா மனுவோடு அவர்கள் வைத்த நகலில் பின்பக்கமும் இருந்தது. முத்திரைத்தாள் வாங்கப்பட்டது உயில் தேதிக்கு நாலு நாள் முன்னால், சித்தப்பா மகன் பெயரில்.

பழைய பத்திர எழுத்தர்:

நினைத்தேன். ஆனால் அதை வைத்துப் பொய் என்று சொல்லிவிட முடியாது அம்மா. "பெரியப்பாதான் வாங்கி வரச் சொன்னார்" என்பான். அவன்தான் முன்னின்று செய்தான் என்பதற்கு அது போதும்.

சந்தேகி:

"லை"யில் ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்தப் படிவத்தையும் வக்கீலிடம் கொடுங்கள். நீங்கள் மறைத்து அவர்கள் கண்டுபிடித்தால் மீதி எல்லாம் போகும்.

காவிரிக்கரைக்காரி:

கொடுத்துவிட்டேன்.

காவிரிக்கரைக்காரி (ஒன்றரை வருடம் கழித்து):

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். வக்கீல் மாமா சொன்னபடி காத்திருந்தோம். போன வருடம் அவனே கேஸ் போட்டான். அசல் உயில் இப்போது கோர்ட் கஸ்டடியில். சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். அம்மா ஆயுள் வரை வீட்டில் இருக்கலாம், அப்புறம் எல்லாம் அவனுக்கு என்று சொன்னான். சண்டை வேண்டாம் என்று இருந்த அம்மாதான் முதலில் எழுந்தார். "என் வீட்ல நான் இருக்கறதுக்கு இவன் யாரு தேதி குறிக்க" என்று கேட்டுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

ஆஸ்பத்திரி ரிக்கார்டு வந்தது. உயில் தேதிக்கு இரண்டு நாள் கழித்து பிசியோதெரபிஸ்ட் எழுதிய குறிப்பில் வலது கை பலம் ஐந்துக்கு இரண்டு என்று இருக்கிறது. அப்படியென்றால் கையை மேசைமேல் நகர்த்தலாம், தூக்க முடியாது என்று டாக்டர் விளக்கினார். எங்கள் வக்கீல் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

மைத்துனர் கூண்டில் ஏறினார். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அப்பா பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்றார். எந்தக் கையால் என்று எங்கள் வக்கீல் கேட்டார். "வலது கையால்தான், வேறு எந்தக் கையால்?" என்றார். அதோடு அன்றைக்கு முடித்துவிட்டார்கள்.

வக்கீல் மாமா:

அந்த ஒரு பதில் போதும் எனக்கு. கடைக்காரர்?

காவிரிக்கரைக்காரி:

அவரை அவர்கள் கூப்பிடவே இல்லை. நாங்கள் சம்மன் அனுப்ப மனுப் போட்டிருக்கிறோம். அம்மா கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாராம்.

சித்தி இன்னமும் கொல்லைப்பக்கமாக வந்து எங்கள் மரத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டு போகிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த வாய்தா தை மாதக் கடைசியில்.